மின்மூக்குக்கு நல்ல காது வேண்டும்

2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் வரவில்லை. வாளி, அண்டா, குழந்தையின் குளியல் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்த நினைவு பலருக்கு இருக்கும். ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவு, சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரைக் கெடுத்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிலையங்களை மூட வைத்தது ஆற்று நீரில் வீசிய வாடை.

நீரின் வாடையை எப்படி அளப்பார்கள்? பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இதற்கு விடை எனக்குத் தெரிந்தது. மனித மூக்கால்தான் அளக்கிறார்கள்! மாதிரி நீரில் சிறிதளவு எடுத்து, வாடையே இல்லாத சுத்த நீரைச் சேர்த்து 200 மில்லிலிட்டர் ஆக்குவார்கள். சிலர் அதை முகர்ந்து பார்ப்பார்கள். வாடை தெரிகிறதா இல்லையா என்ற எல்லை வரும்வரை மேலும் மேலும் நீர்க்கச் செய்வார்கள். 50 மில்லிலிட்டர் மாதிரியை 200 ஆக்கியபோது அந்த எல்லை வந்தால் வாடை எண் 4. வெறும் 25 மில்லிலிட்டர் சேர்த்தே அந்த எல்லை வந்தால் எண் 8.

முறை எளிமையானது, நம்பகமானதும்கூட. ஆனால் யாரோ ஒருவர் முகர்ந்தாக வேண்டும். 2019 மார்ச் மாதம் ஜோகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது, காற்றில் ஏதோ இருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் என்று ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாள்களில் உணரிகளாக இருந்தவை பிள்ளைகளின் நுரையீரல்கள்.

மனிதருக்குப் பதிலாக ஒரு கருவி முகர்ந்து பார்க்க முடியுமா? முடியும். அதற்கு மின்மூக்கு என்று பெயர். அதில் பல வகை உண்டு. நான் சொல்லப் போவது ஒலி அலைகளால் இயங்கும் வகையைப் பற்றி. இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. மணத்தைப் பிடித்துக்கொள்ளும் பாகத்தைச் செய்வதைவிட, அது சொல்வதைக் கேட்கும் மின்சுற்றைச் செய்வது கடினமான வேலை. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அது இன்னும் கடினம்.

ரவைப் பசையும் படிகமும்

கோயில் கச்சேரியிலோ இசை வகுப்பிலோ மிருதங்கத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வாசிக்கத் தொடங்குமுன் வித்துவான் தொப்பிப் பக்கத்தில் ரவையைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார். பசை கூடினால் தோல் கனக்கும், மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். சற்றுச் சுரண்டி எடுத்தால் சுருதி ஏறும். நன்கு பழகிய காது, சுருதியைக் கேட்டே பசை கூடுதலா குறைவா என்று சொல்லிவிடும்.

ஒலி அலை உணரியின் அடிப்படையும் இதுதான். தோலுக்குப் பதில் குவார்ட்ஸ் படிகத்தின் மெல்லிய வில்லை. ரவைப் பசைக்குப் பதில் காற்றில் வந்து ஒட்டும் மூலக்கூறுகள்.

குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அதற்கு நேர்மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் துளியளவு உருமாறும். மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அதிரும். கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்துகொண்டிருப்பதும் குவார்ட்ஸ்தான்.

மணம் பிடிக்கும் வேலைக்கு அதிகம் பயன்படுவது நொடிக்கு ஒரு கோடி முறை, அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் அதிரும் வில்லை. அதன் தடிமன் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். மேலும் கீழும் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். வில்லையின் மீது பாரம் ஏறினால் அதிர்வெண் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கை ஜெர்மானிய இயற்பியலாளர் குந்தர் சௌவர்பிரே 1959இல் எழுதினார். அவருடைய சூத்திரப்படி, 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் அதிர்வெண் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.4 நானோகிராம் பாரம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. எந்த நகைக்கடைத் தராசும் இதன் அருகில் வராது.

வெறும் படிகத்தின் மீது மண மூலக்கூறுகள் அதிகம் ஒட்டா. அதனால் பாலிமர் போன்ற ஏதாவது ஒரு பொருளை மிக மெல்லியதாகப் பூசுவார்கள். காற்றில் உள்ள ஆவி அந்தப் பூச்சுக்குள் ஊறும், பாரம் கூடும், அதிர்வெண் இறங்கும். நல்ல காற்றைச் செலுத்தினால் ஆவி வெளியேறி அதிர்வெண் மீண்டும் ஏறும். பூச்சிட்ட படிகத்தைக் கொண்டு வாயுக்களைக் கண்டறியும் கருவியை 1964இல் வில்லியம் கிங் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்தினார்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. வில்லை முழுவதும் அதிராமல், அதன் மேற்பரப்பில் மட்டும் அலை ஓடும் வகை அது. இத்தகைய அலை இருக்க முடியும் என்று 1885இலேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். நிலநடுக்கத்தில் தரையின் மேல் ஓடும் அலைகளில் ஒன்றும் இவ்வகையே. 1965இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒயிட், வோல்ட்மர் இருவரும், சீப்புப் பற்கள்போல் கோத்த உலோகக் கோடுகளால் இந்த அலையை எழுப்பிக் காட்டினார்கள். 1979இல் வோல்ட்ஜென், டெஸ்ஸி இருவரும் அதை வாயு உணரியாக்கினார்கள். குவார்ட்ஸின் மேல் இந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பாதி. முழு ஆற்றலும் மேற்பரப்பிலேயே இருப்பதால், அங்கே என்ன ஒட்டினாலும் அலைக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் கைப்பேசியில் அலைவரிசைகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளிலும் இதே நுட்பம் வேலை செய்கிறது.

ஐந்து நடுவர்கள்

ஒரு படிகம் பாரத்தை மட்டுமே சொல்லும். வந்து ஒட்டியது எது என்று அதற்குத் தெரியாது. சாராயத்தின் ஆவி 20 ஹெர்ட்ஸ் இறக்கலாம். பெட்ரோல் ஆவியும் அதே 20 ஹெர்ட்ஸ் இறக்கலாம்.

நம் மூக்கு இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது? மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஏற்பி பல மணங்களுக்கு அசையும். ஒரு மணம் பல ஏற்பிகளை அசைக்கும். எவை எந்த அளவு அசைந்தன என்ற கோலத்தைப் பார்த்துத்தான் மூளை ‘இது மல்லிகை’, ‘இது டுரியான்’ என்று சொல்கிறது.

1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் இருவரும் இதே வழியைக் கருவியில் செய்து பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியவை குறைக்கடத்தி வாயு உணரிகள். ஆனால் அவர்கள் காட்டிய வழி எல்லா வகை உணரிகளுக்கும் பொருந்தும். துல்லியமான ஓர் உணரியைத் தேடி அலைவதைவிட, வெவ்வேறு சார்புள்ள சில உணரிகளை ஒன்றாக வைத்து அவற்றின் கூட்டுப் பதிலைப் படிக்கலாம்.

பேச்சுப் போட்டி நடுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உச்சரிப்புக்கு மதிப்பெண் அள்ளித் தருவார். ஒருவருக்குக் கருத்து முக்கியம். இன்னொருவர் குரல் வளத்தில் மயங்குபவர். ஒரு நடுவரின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் பேசியவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. ஐந்து பேரின் மதிப்பெண்களையும் வரிசையாகப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஐந்து படிகங்களுக்கு ஐந்து விதப் பூச்சுப் பூசினால் கிடைப்பதும் இதுபோன்ற வரிசைதான். அதை முதன்மைக் கூறு பகுப்பாய்வு போன்ற கணித முறைகளால் கணினி பிரித்தறியும்.

கேட்கும் வேலை

இனி என் துறைக்கு வருகிறேன். படிகத்தின் அதிர்வெண்ணைப் படித்தெடுக்கும் மின்சுற்று.

முதல் வேலை, படிகம் ஓயாமல் அதிர வேண்டும். ஊஞ்சல் ஆட்டும்போது, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளுகிறோம் அல்லவா? அதேபோல் படிகம் ஒவ்வோர் அதிர்விலும் இழக்கும் ஆற்றலை ஒரு பெருக்கி திரும்பக் கொடுக்கும். இந்தச் சுற்றுக்கு ஆசிலேட்டர் என்று பெயர்.

இரண்டாவது வேலை, எண்ணுவது. ஒரு நொடி முழுவதும் எண்ணினால் ஒரு ஹெர்ட்ஸ் வரை துல்லியம் கிடைக்கும். அவசரப்பட்டு 0.1 நொடி மட்டும் எண்ணினால் 10 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த மாற்றம் கண்ணில் படாது. மணமோ நொடிக்கு நொடி மாறும். வேகம் வேண்டுமா, நுணுக்கம் வேண்டுமா என்று ஒவ்வொரு வடிவமைப்பாளரும் முடிவுசெய்ய வேண்டும்.

இதில் ஓர் அழகான உத்தி இருக்கிறது. இரண்டு தம்புராக்களின் சுருதி மிகச் சிறிதளவு விலகியிருந்தால், ஒலி ஏறி ஏறி இறங்குவதுபோல் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வேகம், இரண்டு சுருதிகளுக்கும் உள்ள வித்தியாசம். மின்மூக்கிலும் காற்றுப் படாமல் மூடிய இன்னொரு படிகத்தைத் துணைக்கு வைப்பார்கள். இரண்டின் சமிக்ஞைகளையும் கலந்து வித்தியாசத்தை மட்டும் எடுப்பார்கள். மூடிய படிகம் 1,00,00,000 ஹெர்ட்ஸ், உணரும் படிகம் 99,97,000 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 3,000. மணம் வந்து உணரும் படிகம் 20 ஹெர்ட்ஸ் இறங்கினால் வித்தியாசம் 3,020 ஆகும். ஒரு கோடியில் 20ஐத் தேடுவதைவிட மூவாயிரத்தில் 20ஐத் தேடுவது எவ்வளவோ மேல். அறை சூடானால் இரண்டு படிகங்களும் ஏறக்குறைய ஒரே அளவு மாறும் என்பதால், அந்த மாற்றத்தில் பெரும்பகுதி கழித்தலிலேயே போய்விடும்.

ஐந்து படிகங்களை ஒரே பலகையில் அடுக்கும்போது வேறொரு தொல்லை வரும். 1665இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஒன்றாகத் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்து ஆடத் தொடங்குவதைக் கண்டார். நெருங்கிய அதிர்வெண்ணில் இயங்கும் ஆசிலேட்டர்களும் மின்கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஒன்றையொன்று இப்படி இழுக்கும். நடுவர்கள் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்ப்பதுபோல்தான். அதைத் தடுக்க ஒவ்வொன்றுக்கும் தனி உலோகத் தடுப்பும் தனி மின்வழியும் கொடுப்பார்கள். அல்லது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்குவார்கள். அப்படிச் செய்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும்.

கதவு திறந்தபோது

எங்கள் ஆய்வகத்தில் நண்பர்களோடு இதை எளிய அளவில் செய்து பார்த்தோம். மின்னணுக் கடையில் வாங்கிய சாதாரண 10 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதன் உலோக மூடியை நீக்கி, மெல்லிய பாலிமர் பூச்சு இட்டு, ஆசிலேட்டரோடு இணைத்தோம். தோழி ஒருத்தி பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து மூடியைத் திறந்து அருகில் பிடித்தாள். திரையில் எண் இறங்கத் தொடங்கியது. மூடியதும் மெல்ல ஏறியது. எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி.

பிறகு யாரோ ஆய்வகக் கதவைத் திறந்தார்கள். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. எண் தைலத்துக்கு இறங்கியதைவிட அதிகம் இறங்கியது, திரும்பி வரவும் வெகுநேரம் ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். குளிரூட்டிய அறையில் 22 டிகிரி செல்சியஸ், 55 விழுக்காடு ஈரப்பதம் என்றால், காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 14,000 நீர் மூலக்கூறுகள். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு என்றால் அது ஏறத்தாழ 33,000. நாம் தேடும் மண மூலக்கூறு பத்து லட்சத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சில நேரங்களில் அதுகூட இருக்காது. கதவு திறந்ததில் கூடிய நீராவி மட்டும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. ஆற்று நீருக்கு மேல் உள்ள காற்றில் நிலைமை இன்னும் மோசம், அங்கே நீராவி கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும்.

குளிர் நாட்டு ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்யும் மின்மூக்கு, சிலாங்கூர் ஆற்றங்கரையில் மாலை மழைக்கெல்லாம் ‘கழிவு வந்துவிட்டது’ என்று கத்தினால் யார் நம்புவார்கள்? நான்கு முறை பொய்யாகக் கத்திய கருவியை ஐந்தாவது முறை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். உண்மையான கழிவு அந்த ஐந்தாவது முறை வரலாம்.

இதற்கு வழிகள் உண்டு. நீரை அதிகம் உறிஞ்சாத பூச்சுகளைத் தேர்ந்தெடுக்கலாம். உணரி அறையின் வெப்பத்தை நிலையாக வைக்கலாம். முதலில் சுத்தமான காற்று, பிறகு மாதிரி, மீண்டும் சுத்தமான காற்று என்று மாற்றி மாற்றிச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுக்கலாம். டெனாக்ஸ் என்ற பிசின் தூள் அடைத்த குழாய் வழியாகக் காற்றை இழுத்தால், கரிமச் சேர்மங்கள் அதில் தங்கும், நீராவி பெரும்பாலும் கடந்து போய்விடும். பிறகு குழாயைச் சூடாக்கினால் தங்கியவை மொத்தமாக வெளிவரும். வரிசையில் ஓர் உணரியை ஈரப்பதத்தை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, அதன் பதிலை மற்றவற்றிலிருந்து கழிப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் செய்தாலும் பூச்சுகள் மாதக்கணக்கில் மெல்ல மாறும். இன்று பழக்கிய கணினி, அடுத்த ஆண்டு அதே மணத்தை வேறொன்றாக நினைக்கும். அவ்வப்போது திரும்பப் பழக்க வேண்டியிருக்கும்.

நாம் எங்கே?

மேற்பரப்பு அலை உணரி வரிசைகளை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் நச்சு வாயுக்களைக் கண்டறிவதற்காக உருவாக்கியது. மலேசியாவிலும் மின்மூக்கு ஆய்வு புதிதல்ல. செம்பனை மரத்தின் அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையை வாடையால் கண்டறிவது பற்றி, பெர்லிஸ் யுனிமேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது வேறு வகை உணரி. ஆனாலும் ஆய்வக மேசையில் இருந்த மூக்கைத் தோட்டத்து வெயிலுக்கும் மழைக்கும் கொண்டுபோக வேண்டிய சவால் ஒன்றுதான்.

மின்மூக்கு வந்துவிட்டால் முகர்ந்து பார்ப்பவர்களுக்கு வேலை இராது என்று நான் நினைக்கவில்லை. இன்றைய நிலையில் அது ஆற்று நீரில் என்ன இரசாயனம் கலந்திருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்லாது. ‘நேற்று இருந்ததுபோல் இன்று இல்லை, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்’ என்று விடியற்காலை மூன்று மணிக்குச் சொன்னால் போதும். அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் முகர்ந்து பார்க்க யாரையும் நிறுத்தி வைக்க முடியாது.

எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகள், ‘இதற்கு வேதியியல் எடுக்க வேண்டுமா, மின்னணுவியலா, கணினியா?’ என்று கேட்பதுண்டு. பூச்சு வேதியியல், படிகம் இயற்பியல், சுற்று மின்னணுவியல், கோலத்தைப் படிப்பது கணிதமும் கணினியும். எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அதிலுள்ள ஒத்ததிர்வும் தணிவும் இந்தக் கருவியின் உயிர்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இன்றே தொடங்கலாம். யூசிஐ மெஷின் லேர்னிங் ரெப்போசிட்டரி என்ற இணையக் களஞ்சியத்தில் ஐந்து குவார்ட்ஸ் உணரிகள் ஐந்து வகை ஆல்கஹால்களுக்குக் கொடுத்த பதில்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த எண்களை மட்டும் பார்த்து எது எந்த ஆல்கஹால் என்று உங்கள் நிரல் சொல்கிறதா பாருங்கள். அது சரியாகச் சொல்லத் தொடங்கியதும், எண்களில் கொஞ்சம் ‘மழைக்காற்றை’க் கலந்துவிடுங்கள். எல்லா உணரிகளின் அளவையும் சற்று இறக்கி, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் கதவு திறந்தபோது நாங்கள் பார்த்ததை உங்கள் திரையிலும் பார்ப்பீர்கள். அதன் பிறகு நீங்கள் போடும் கணக்குத்தான் இந்தத் துறையில் இன்னும் தீராத கணக்கு.